ஆவன செய்யவும்

அப்போது வட்டக்கச்சிக்கு அப்பால் ஒரு சிறிய குளத்தைப் பராமரிக்கும் கந்தோரில் நான் கிளாக்கர். எனக்கு மேலே ஒரு பெரிய கிளாக்கர் இருந்தார். இங்கிலிஷ் விஷயத்தில் எங்களுக்குள் ஓயாத சண்டை. என் கடிதங்கள் எல்லாம் 'கைண்ட்லி டூ த நீட்புல்' என்றுதான் முடியும். தயவுசெய்து ஆவன செய்யவும் என்று பொருள். அவர் அதைச் சிவப்புப் பென்சிலால் வெட்டுவார்.

"இது பிழை தம்பி."

"இலங்கை முழுக்க எழுதுதே ஐயா. எல்லாரும் எழுதினாப் பிறகு எப்பிடிப் பிழையாகும்?"

அவர் வெட்டுவதை நிறுத்தமாட்டார்.

அந்த மாரியில் எட்டு நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் காலையில் குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார். குளக்கட்டில், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், தண்ணீர் கசிகிறதாம். தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை. மண் கரைந்து கலங்கலாக வருகிறதாம். கட்டு உள்ளுக்குள்ளே அரிபடுகிறது.

பெரிய கிளாக்கர் குடையை எடுத்தார். "நான் போய்ப் பாக்கிறன். நீர் பட்டினத்துப் பெரிய கந்தோருக்குத் தந்தி அடியும்."

கட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் என் வீடு. அங்கே மனைவியும் நாற்பது நாள் குழந்தையும். நான் எழுதியது இவ்வளவுதான்: கட்டு கசிகிறது, கைண்ட்லி டூ த நீட்புல். சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளையோட வெளிக்கிடட்டோ?" என்று மனைவி கேட்டாள்.

"வேண்டாம், மழைக்குள்ள எங்க போறது? தந்தி குடுத்திட்டன். பட்டினத்திலயிருந்து ஆக்களோட லொறி வரும்."

நான் கந்தோருக்குத் திரும்பினேன். லொறி வரவில்லை. மதியம் பதில் தந்தி வந்தது. கட்டிலிருந்து திரும்பியிருந்த பெரிய கிளாக்கர் பிரித்து வாசித்தார்.

"கிடைத்தது. ஆவன செய்யப்படும்."

அவர் என்னை ஏசவில்லை. நான் அனுப்பியதன் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது. அவரே புதிதாக ஒரு தந்தி எழுதி அனுப்பினார்: ஒரு லொறி, இருபது ஆட்கள், இருநூறு சாக்கு, பின்னேரத்துக்கு முன்னம். பிறகு, "வீட்ட ஓடும். அவையளை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போம்" என்றார்.

குழந்தையைச் சாக்கால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வயல் வரம்பால் ஓடினேன். மனைவி பின்னால் வந்தாள். ஒவ்வொரு இரைச்சலுக்கும் கட்டு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. இவர்களை இவ்வளவு நேரம் வீட்டில் இருத்தி வைத்தவன் நான்.

நாலு மணிக்கு லொறி வந்தது. மண்மூட்டைகளை அடுக்கினார்கள். பொழுதுபடக் கசிவு தெளிந்தது. கட்டு நின்றது.

பிறகு பட்டினத்திலிருந்து வந்த என்ஜினியர் என் தந்தியை வாசித்துவிட்டு, "இதில ஒரு பிழையுமில்லை, எல்லாரும் எழுதிறதுதானே" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவர் போன பிறகு பெரிய கிளாக்கரிடம் கேட்டேன்.

"அப்ப அது சரிதானோ ஐயா?"

"சரியாயிருக்கலாம் தம்பி. எல்லாருக்கும் விளங்குது. ஆனா என்ன செய்யச் சொல்லுறீர் எண்டு அவையளுக்குத் தெரியேல்லை. உமக்காவது தெரிஞ்சுதோ?"

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பயத்தில் கை பழகிய சொல்லை எழுதிவிட்டது.

அந்த மாரி முடியும்வரை மனைவி அந்த வீட்டில் படுக்க மறுத்தாள். நானும் வற்புறுத்தவில்லை.