யார் எடுத்தாலும் கிளம்ப வேண்டிய வண்டி

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியை ஒட்டிய ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலுத்தாய் போர்மேன். திரி வெட்டுகிற வேலையில் சேர்ந்து, பயிற்சிக்குப் போய்ச் சான்று வாங்கி அந்த இடத்துக்கு வந்தவர். காலையில் அவர்தான் முதல் ஆள். தன் வெள்ளை மாருதி 800-ஐக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவார். கண்ணாடிகளை இறக்கிவிடுவார். சாவியை மட்டும் எடுக்க மாட்டார்.

பட்டாசு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். கம்பெனி வேன் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டால் வாசலில் நிற்பது அந்தக் கார் ஒன்றுதான். யாருக்காவது தீக்காயம் பட்டால், முதலில் ஓடி வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலுத்தாய் போக முடியாது. எல்லா அறையும் காலியாகி, வெளியே வந்தவர்களைத் தலை எண்ணி முடிக்கும்வரை போர்மேன் கேட்டைத் தாண்டக் கூடாது.

"என் வண்டிய யாரு வேணா எடுக்கலாம்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

போன வைகாசியில் ஒரு மத்தியானம். மருந்துக் கலவை வேலை பார்க்கும் நாகையா, சுவருக்கு வெளியே உள்ள குழியில் கழிவு மருந்தை எரித்துக்கொண்டிருந்தார். அணைந்துவிட்டது என்று நினைத்துக் கம்பால் கிளறினார். குப்பென்று கிளம்பிய தீ வலது கையை முழங்கைவரை வேகவைத்துவிட்டது. வேலுத்தாய் அறைகளைக் காலி செய்ய ஓடினார். பேக்கிங்கில் இருக்கும் பானுப்பிரியா நாகையாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். அவள் புதிதாக லைசென்ஸ் எடுத்தவள்.

உட்கார்ந்ததும், எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிற சோக்கை முழுக்க இழுத்தாள். அந்தக் காருக்குச் சோக் இழுக்க வேண்டும் என்று எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். காலையில், குளிர்ந்த எஞ்சினுக்கு அது சரி. அன்றைக்கு வேலுத்தாய் அட்டைப்பெட்டி பார்க்கத் திருத்தங்கல் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் மிஞ்சிப்போய் வண்டி இருமியது, கிளம்பவில்லை.

"அண்ணே, எம்புட்டுத் திருகினாலும் கெளம்ப மாட்டேங்குது!"

"ஏ புள்ள, சோக்க எதுக்கு இழுத்த? தூங்கி எந்திரிச்சாத்தான் அது காப்பி கேக்கும். உள்ள தள்ளு. ஆக்சிலேட்டர அடியோட மிதிச்சுக்கிட்டே திருகு" என்று பக்கத்துச் சீட்டிலிருந்து நாகையா கத்தினார்.

கிளம்பிவிட்டது.

சாயங்காலம் வேலுத்தாய் வார்டுக்குப் போனபோது நாகையா கட்டுப்போட்ட கையோடு சிரித்தார். "கை கெடக்கட்டும் தாயி. நம்ம வண்டி எப்படிப் பறந்துச்சு தெரியுமா?"

"நீங்க பேசுற நெலமையில இருந்தீக, சோக்க உள்ள தள்ளச் சொன்னீக. மயங்கிக் கெடந்தா யாரு சொல்லியிருப்பா?"

சாவியை விட்டுவிட்டால் போதும் என்று இத்தனை காலம் நினைத்தது தவறு என்று வேலுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது, அதன் குணம் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே உண்மை.

அடுத்த விடுமுறையில் பானுப்பிரியாவோடு சிவகாசியில் ஷோரூமுக்குப் போனார். புது ஆல்டோவில் சோக் கிடையாது. சூடோ குளிரோ, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். விற்பனைப் பையன் ஏசியைப் பற்றியும் பாட்டுப்பெட்டியைப் பற்றியும் சொன்னான். வேலுத்தாய் பின்கதவைத் திறந்து சீட்டில் நீட்டிப் படுத்தார்.

"மேடம், உடம்புக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன். கதவச் சாத்துங்க."

பழைய வண்டியிலும் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். இதிலும் அப்படித்தான். ஆனால் காயம்பட்டவரைக் கிடத்தினால் கதவு தலையில் இடிக்காது. எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "முன்னால இருக்கவங்க பெல்ட் போடலன்னா?"

"சத்தம் போடும் மேடம்."

"போடட்டும். கையி வெந்தவனுக்குப் பெல்ட் மாட்ட முடியாது. வண்டி நின்னுறாதே?"

"நிக்காது மேடம்."

பொத்தானை அழுத்திக் கிளப்புகிற வேறொரு காரையும் அவன் காட்டினான். அதன் சாவி பையிலேயே இருக்கலாம் என்றான். "பையோட நான் உள்ள இருந்தா இவ எப்படி எடுப்பா? சாவி கண்ணுக்குத் தெரியணும் தம்பி" என்று ஆல்டோவுக்கே வந்தார். பானுப்பிரியாவை ஓட்டச் சொன்னார். அவள் திருகியதும் கிளம்பியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

நாகையாவுக்கு மனசில்லை. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த நாளில் புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பழசுல உக்காந்தா பானட்டு ரெண்டு மூலையும் தெரியும். சந்துல விட்டாலும் உரசாது. இதுல முன்னால என்ன இருக்குன்னே தெரியல. பழச எனக்குக் குடுத்துருங்க தாயி."

"வாங்கிக்கோங்க. உங்க வீட்டு வாசல்ல நிக்கட்டும், கம்பெனி வாசலுக்கு வரப்படாது. இப்ப ஏறுங்க."

லைசென்ஸ் உள்ள எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருதரம் ரோட்டு முக்குவரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட புது ஏற்பாடு. நாகையா 800-ஐத் திருப்புகிற பலத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினார். பவர் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டதில் கார் நேராகக் கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"அண்ணே, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறீகளா?" என்றாள் பானுப்பிரியா.

"சும்மா இரு புள்ள. தொட்டதும் திரும்புது, நான் என்ன செய்ய?"

வேலுத்தாய் சிரிக்கவில்லை. பின்னுக்கு எடுக்கச் சொல்லி, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். இந்தத் தரம் நாகையா இரண்டு விரலால் திருப்புவதுபோல் மெல்லத் திருப்பி, முக்குவரை போய் ஒழுங்காகத் திரும்பி வந்தார். "கோளாறு ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

வேலுத்தாய் கேட்டில் இருந்த வாட்ச்மேன் ராஜபாண்டியனைப் பார்த்தார். எப்போதோ லாரி ஓட்டியவர்.

"அண்ணாச்சி, அடுத்து நீங்க."

"நான் எதுக்கும்மா? கேட்டுல உக்காந்திருக்கவன்."

"அதுக்குத்தான் கூப்பிடுதேன். வேன் வெளிய போயிருந்தாலும், நாங்க உள்ள கெடந்து ஓடிக்கிட்டிருந்தாலும், இந்த வண்டிக்குப் பக்கத்துல எந்நேரமும் இருக்க ஆளு நீங்க ஒருத்தர்தான்."

ராஜபாண்டியன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளுகிற கம்பி எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினார். அதையும் இப்போதே அவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று வேலுத்தாய் கதவருகே காத்து நின்றார்.