பெயர் கூப்பிடும் நேரம்

நளினி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். அமீரகத்துப் புஜைராவில், மலைப்பக்கம் தள்ளி, யாரோ காலி செய்துவிட்டுப் போன பழைய வில்லா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் மொத்தம் இருபத்து மூன்று பேர். நடத்தியவர் மிஸஸ் பிராட்டன் என்ற ஸ்காட்லாந்துக்கார அம்மாள். அவருடைய கணவர் லத்தீன் எடுத்தார். பைபிளும் லத்தீனும் பழைய கிரேக்கக் கதைகளும் யூக்ளிடின் வடிவக் கணிதமும்தான் அங்கே பாடம். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது.

"லத்தீன் படிச்சுட்டு எந்த ஆபீசுல வேலை பாக்கறது?" என்று அவள் கணவன் பாஸ்கர் சிரித்தான். துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் அவன் பாதுகாப்பு இன்ஜினியர்.

"கணக்கு வாத்தியார் வேணும்னு கேக்கறாங்க. நான் எம்.எஸ்சி. முடிச்சுட்டு எட்டு வருஷமா சாம்பார்தான வெச்சுட்டு இருக்கேன்?" என்றாள் நளினி. கோயம்புத்தூர்க்காரி. சொல்வதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் பின்வாங்க மாட்டாள். மகள் பிருந்தாவையும் அங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

சேர்ந்த பிறகு அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் லத்தீன் சொற்களை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். வாய்ப்பாட்டையும் அப்படியே ஒப்பிக்க வைத்தாள். அரைகுறையாகப் புரிந்ததுகூட நாக்கில் ஏறிவிட்டால் பிறகு தானாகப் புரியும் என்பது அவள் சொந்த அனுபவம். மிஸஸ் பிராட்டனும் அதையேதான் சொன்னார்.

காலை ஏழரைக்குக் கீழ்த்தளக் கூடத்தில் எல்லாரும் கூடுவார்கள். ஜெபம் முடிந்ததும் நளினி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். அங்கே 'பிரசென்ட் மிஸ்' கிடையாது. 'அட்சும்' என்று சொல்ல வேண்டும். லத்தீனில் 'இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். பதில் சொன்ன பிள்ளை உட்கார்ந்துகொள்ளும்.

முதன்முதலில் அது நடந்தது இரண்டாம் வருஷம், நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை.

"ஷெரின்" என்று நளினி கூப்பிட்டாள்.

"அட்சும்."

அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். ஷெரின் அன்றைக்கு வரமாட்டாள் என்று அவள் அம்மா ஞானசெல்வி முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் வேலையாகக் குடும்பமே துபாய்க்குப் போகிறது. நிமிர்ந்து பார்த்தால், மூன்றாம் வரிசையில் ஷெரினின் நாற்காலி காலியாக இருந்தது. குரல் மாடிப்படியின் பக்கமிருந்து வந்தது. பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

"யார் சொன்னது?"

"ஷெரின், மிஸ்" என்றார்கள் நாலைந்து பேர். குரலில் குறும்பு இல்லை.

மிஸஸ் பிராட்டன் அதைக் குழந்தைகளின் விளையாட்டு என்றார். நளினியும் அப்படியே நம்பப் பார்த்தாள். ஆனால் அடுத்த மாதத்தில் மூன்று தடவை, வராத பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம், படிப்பக்கமிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தந்தப் பிள்ளையின் குரல். கணக்கு படித்தவள் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. ஒருநாள் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைக் கற்பனையாகக் கூப்பிட்டாள். ஏ.சி. மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, காலி நாற்காலியைக் கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டு, அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுவாள்.

பிப்ரவரியில் பிருந்தாவுக்கு அம்மை போட்டது. எதிர் பிளாட்டில் இருந்த கீழக்கரை மெஹர்பானு பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் நளினி வேலைக்கு வந்தாள். பட்டியலில் பிருந்தா இரண்டாவது பெயர். மனம் முழுக்க மகளிடம் இருந்ததோ என்னவோ, நாக்கு சொல்லிவிட்டது.

"அட்சும்."

காய்ச்சலில் கம்மிப்போன பிருந்தாவின் குரல். நளினி பதிவேட்டை மேஜையில் போட்டுவிட்டு ஆபீஸ் அறைக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்குது. ஆனா நளினி, ஒரு ஏழரை, ஏழே முக்கால் இருக்கும், புள்ள படுக்கையில விருட்டுனு எந்திரிச்சு நின்னுச்சு. கண்ணு மூடித்தான் இருக்கு. என்னமோ ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்படியே உக்காந்து சாஞ்சுருச்சு. நான் பயந்துபோய் ஓதி ஊதிவிட்டேன்."

"என்ன வார்த்தைக்கா?"

"நம்ம பாஷை இல்லம்மா அது."

விசித்திரம் என்னவென்றால், அதைக் கேட்டதும் நளினிக்குப் பயம் பாதி குறைந்தது. வில்லாவில் வேறு யாரும் இல்லை. பெயர் கூப்பிட்டால், எங்கே இருந்தாலும் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பழக்கம் அந்த அளவுக்கு அவர்களுக்குள் இறங்கியிருக்கிறது. பாஸ்கரிடம் சொல்லத் தோன்றியது. சொன்னால் வேலையை விடச் சொல்வான் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் ஷெரின் தூத்துக்குடியில் இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல், மூன்றே நாள். ஒன்பது வயது. ஞானசெல்விக்கும் அவள் கணவருக்கும் அது ஒரே பிள்ளை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. மிஸஸ் பிராட்டனே புதுப் பதிவேடு எழுதித் தந்தார். சாமுவேல் என்ற பெயருக்கு அடுத்து நேராகத் தாமஸ். நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் காலை, சாமுவேல் பதில் சொல்லி உட்கார்ந்தான். நளினி அடுத்த வரிக்குப் போகுமுன் ஒரு மூச்சு நின்றாள். வேண்டுமென்று நிற்கவில்லை. இரண்டு வருஷம் சொன்ன பெயர் இருந்த இடம், நாக்கு தானாகத் தயங்கியது.

"அட்சும்."

படிப்பக்கம். தெளிவான குரல். கூப்பிடாமலே வந்த பதில்.

ஒரு பிள்ளைகூட அசையவில்லை. முன்வரிசையில் பிருந்தா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்ன பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருக்கும் என்ற நினைப்பு நளினிக்கு வந்தது. எப்போதும் பேசும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் சொன்னாள்:

"சரிம்மா. உக்காரு."

பிறகு தாமஸைக் கூப்பிட்டாள். மறுநாளிலிருந்து தினமும் அந்த இடத்தில் அந்தப் பதில் வந்தது. தினமும் அவள் உட்காரச் சொன்னாள்.

அக்டோபரில் ஞானசெல்வி மகளின் நோட்டுப் புத்தகங்களை வாங்கிப்போக வந்தாள். பிள்ளைகள் போய்விட்ட மத்தியான நேரம். ஆள் பாதியாகியிருந்தாள். நோட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து நளினிக்கு மறைக்க மனம் வரவில்லை. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஞானசெல்வி அழவில்லை. படிப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"டெய்லி சொல்லுதாளா?"

"டெய்லி சொல்றா."

"நீங்க என்ன சொல்லுவிய?"

"உக்காருன்னு சொல்லுவேன்."

"ஏன் டீச்சர் உக்காரச் சொன்னிய?" ஞானசெல்வியின் குரல் உயர்ந்தது. "எம்புள்ள ஒன்னரை மாசமாவா இங்க உக்காந்திருக்கா? வீட்டுக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நீங்க சொன்னா கேப்பாள்லா?"

ஞானசெல்வி நோட்டுகளை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, சாமுவேல் உட்கார்ந்ததும், நளினி பதிவேட்டை மூடினாள்.

"ஷெரின்" என்று பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள்.

"அட்சும்."

"ஸ்கூல் விட்டாச்சும்மா. வீட்டுக்குப் போ. அம்மா உனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

பிறகு கடைசி வரிசையிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக, யாரோ நடந்துபோக வழி விடுவதுபோல, நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார்கள். வெளிக்கதவு சாத்தியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் வந்திருக்கிற பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் பதில் சொன்னதில்லை. வாய் தவறி யார் பெயரைக் கூப்பிட்டாலும் அமைதிதான். மிஸஸ் பிராட்டனுக்குச் சந்தோஷம், பிள்ளைகள் ஒருவழியாக விளையாட்டை விட்டார்கள் என்று. மறுவருஷம் பிள்ளைகள் அறுபது பேர் ஆனார்கள். புதுக் கட்டடத்துக்கு இடம் பார்க்க ஆரம்பித்தார்கள். யூக்ளிடை நளினி தனி வகுப்பாக எடுத்தாள்.

ஞானசெல்வி பள்ளிப் பக்கம் வரவில்லை. நோட்டுகளை வாங்கிப்போன அதே வருஷம், டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடற்கரை மீன் மார்க்கெட்டில் நளினி அவளைப் பார்த்தாள். தலை வாரி, பூப்போட்ட சேலை கட்டி, நன்றாக இருந்தாள். பேசுவாளோ மாட்டாளோ என்று நளினி தயங்கி நிற்க, அவளாகவே சிரித்தாள்.

"நல்லாருக்கியளா டீச்சர்? பிருந்தா நல்லாருக்காளா?"

"நல்லா இருக்கா. உங்க வீட்டுல..."

"எல்லாரும் நல்லாருக்கோம்" என்றாள் ஞானசெல்வி.

மீன்காரர் மலையாளி. அவள் ஆளுக்கு ஒன்றென்று எண்ணிப் பொறுக்கி வைத்த மூன்று ஷேரி மீனைத் தராசிலிருந்து எடுத்துச் சுத்தம் பண்ணத் தொடங்கினார். ஞானசெல்வி குனிந்து, அதில் சின்னதைத் தொட்டுக் காட்டினாள்.

"சேட்டா, இது ஒண்ணுல மட்டும் முள்ளு இல்லாம எடுத்துக் குடுங்க."