வெனிசுக்குப் புறப்பட்ட பானை

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஊர் வருவதற்கு முன்பே முருகலட்சுமியின் வீடு தெரிந்துவிடும். வீட்டுக்கும் முந்தி அதன் மொட்டை மாடிக் கம்பிகள் தெரியும். மேல்மாடி எழுப்பும்போது தூணுக்கு ஆகும் என்று வெட்டாமல் விட்ட கம்பிகள். அந்தப் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான். கை கிழியாமல் இருக்கக் கம்பிக்குக் கம்பி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். முருகலட்சுமி வடகிழக்கில், ஈசானி மூலையில் மட்டும் ஒரு மண்பானையைக் கவிழ்த்து, கண்ணேறு படாதிருக்கச் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தாள்.

கம்பி கட்டியவர் அவள் புருஷன் கோட்டைச்சாமி. துபாயில் அதுதான் அவருக்கு வேலையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்களுக்கெல்லாம் கம்பி கட்டிவிட்டு, லீவில் வந்து தன் வீட்டுக்கும் கட்டினார். கீழ்த்தளம் முடிந்தது. மேல்தளம், மகள் படிப்பு முடியட்டும், போர்க் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தட்டும், அவள் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், இப்போது மகள் கோயம்புத்தூரில் குடித்தனம் நடத்துகிறாள்.

முருகலட்சுமி களையெடுத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவள், கூரை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது அருப்புக்கோட்டை மில்லுக்கு வேனில் போய் வருகிறாள். காங்கிரீட்டுக்குக் கீழே படுத்த முதல் மழை ராத்திரியில், ஒழுகாது என்று நம்ப முடியாமல் பாத்திரங்களைப் பரப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தவள். ஒரு சொட்டு விழவில்லை. விடிந்ததும் பாத்திரங்களை எடுத்து அடுக்கும்போது யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

மதுரையில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கும் பிரவீணா, கம்பிகளைப் பார்த்துத்தான் ஒரு நாள் அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மாடியை அளந்தாள். வற்றல் எந்தப் பக்கம் காயும், வெயில் காலத்தில் யார் எங்கே படுப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வருஷம் திரும்பி வந்து, "அக்கா, உங்க மாடியை அப்படியே இத்தாலியில, வெனிஸ்ங்கிற ஊர்ல கட்டப்போறோம்" என்றாள்.

"எதுக்கும்மா? அந்த ஊருல மாடி இல்லையா?"

பல நாடுகளிலிருந்து கட்டடக் கலைஞர்கள் வந்து கூடும் பெரிய கண்காட்சி என்று பிரவீணா விளக்கினாள். குடும்பம் வளர வளர வீடும் வளரக் காத்திருப்பதை அங்கே காட்டப்போகிறார்களாம். மே மாதம், திறப்பு நாளில் வீட்டுக்காரர்கள் கூட நிற்க வேண்டும். போக்குவரத்தெல்லாம் கண்காட்சிக்காரர்கள் பொறுப்பு. செல்போனில் படம் காட்டினாள். அந்தக் காலத்தில் கப்பல் கட்டிய கொட்டகை. செங்கல் தூண்கள் வரிசையாகப் போய்க் கண்ணுக்கு மறைந்தன. நடுவில் ஆட்கள் எறும்பாக நின்றார்கள்.

"ஆத்தீ" என்றாள் முருகலட்சுமி. "நம்ம கண்மாய்க்கே கூரை போட்டாப்ல இருக்கு. இதுக்குள்ளயா எம் மாடி?"

அடுத்த படத்தில் ஊர். தெரு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர்கள் வாசலிலிருந்தே படகில் இறங்கினார்கள். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய் என்று வரிசையில் நிற்கும் ஊர்க்காரியான அவள், அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியா?" என்று கேட்டார் கோட்டைச்சாமி.

"இல்லண்ணே, கடல் தண்ணி. உப்பு."

"அப்ப நம்ம போரு மாதிரிதான்" என்றார். செல்போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "துபாயில நான் கட்டுன கம்பியெல்லாம் காங்கிரீட்டுக்குள்ள போயிருச்சு. ஒரு பய பாக்க முடியாது. முடிக்க மாட்டாம நின்னதைப் பாக்க ஊரு ஒலகமே வருதாக்கும்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. மில்லில் லீவு எழுதிக் கொடுத்தாள். அங்கே நிறைய நடக்க வேண்டும் என்று பிரவீணா சொன்னதால், மகள் வாங்கி அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கண்மாய்க் கரையில் நடந்து பழகினாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, முறைக்கு நாத்தனார், தன் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள்.

"என்ன மதினி, போலீசு வேலைக்குச் சேரப்போறீகளா?"

"இத்தாலிக்குப் போறேன்டி. ஒனக்கு என்ன வேணும்?"

"அங்க உங்க வீட்டுக்கு ரேசன் கார்டு குடுத்துட்டாகளான்னு கேட்டுட்டு வாங்க."

சித்திரை பிறந்து ஊர்க் கூட்டம் நடந்த பிறகுதான் தப்பு வெளிப்பட்டது. அம்மனுக்குப் பொங்கல் வழக்கமாக வைகாசியில் வரும். இந்த வருஷம் முளைப்பாரி வெக்கையில் கருகக் கூடாது என்று பெண்கள் முன்கூட்டியே வைக்கச் சொன்னார்கள். சித்திரைக் கடைசிச் செவ்வாய் என்று முடிவானது. கையைத் தூக்கியவர்களில் முதல் கை முருகலட்சுமியுடையது. சித்திரை அவளுக்கு அம்மன் கணக்கு. மே மாதம் மில்லும் விமானமும் சேர்ந்த கணக்கு. சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரில் இரண்டும் ஒரே தாளில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். காப்புக் கட்டிய பிறகு புறப்படுகிறார்கள். பொங்கல் முடிந்த பிறகு திரும்புகிறார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டுவதற்குள் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். வராத வீடு அந்த வருஷம் ஊர்க் கணக்கில் கிடையாது. அந்த வீட்டு முளைப்பாரி கோயிலுக்குள் வராது.

"ஒரு வருசம் விட்டுட்டுப் போவோம்" என்றார் கோட்டைச்சாமி. "துபாயில இருந்தப்ப நான் எந்தப் பொங்கலுக்கு வந்தேன்?"

"வாசல்ல நான் இருந்தேன்ல? இப்ப ரெண்டு பேரும் போறோம். ஊர்க் கணக்குல இல்லாத வீட்டை அங்க போய் எப்படிய்யா எங்க வீடுன்னு காட்டுறது?"

போகாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. அந்தச் செங்கல் தூண்களின் படம் கண்ணை மூடினாலும் வந்து நின்றது. அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே தன் சின்ன மாடி எப்படி நிற்கும், பயந்து போய் நிற்குமோ என்று நினைத்தாள். ஒரு தடவை பக்கத்தில் நின்று கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் கோயில் முன்னால் ஆட்கள் கூடியிருந்தபோது போனாள். பொங்கலை முன்நின்று நடத்தும் வீரபத்திரன் அவளுக்குச் சின்ன மாமனார் முறை.

"மாமா, காப்புக் கட்டுனா இருட்டுறதுக்குள்ள சொந்த வீட்டு வாசலுக்கு வந்துறணும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"நான் எங்க வீட்டுக்குத்தான் போறேன். அங்க எங்க வீடு நிக்குது."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வீரபத்திரன் சிரிக்கவில்லை. செல்போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிரவீணா புதிதாக அனுப்பிய படம். கொட்டகைக்குள் மாடி பாதி எழும்பியிருந்தது. அதே கைப்பிடிச் சுவர், அதே கம்பி. படம் கை மாறி மாறிப் போனது.

"நம்ம ஊருதான்யா இது" என்றார் ஒருவர் மெதுவாக.

"படுக்க விடுவாகளா?" என்று கேட்டார் வீரபத்திரன்.

"சாயங்காலம் பூட்டிருவாகளாம். பக்கத்துல ரூம்பு."

"படுக்கிறதைப் பத்தி இல்லை. வெக்கைக்கு நம்மளே கோயில் வாசல்லதான் படுக்கோம். வழியில போற ராத்திரியையும் அம்மன் கணக்குல எடுக்க மாட்டா. வாசலுக்கு வந்து நின்னாப் போதும்." கொஞ்சம் யோசித்தார். "வீடு ஒன்னோடதுதான். ஆனா நிக்கிற மண்ணு நம்ம மண்ணு இல்லையே, தாயி. ஒண்ணு செய். அம்மன் காலடியில பிடிமண் எடுத்துக்க. நம்ம ஆளுக எந்தச் சீமைக்குப் போனாலும் அப்படித்தான சாமியக் கொண்டு போனாக. அந்த மண்ணை அங்க போட்டா அதுவும் நம்ம எல்லைதான்."

கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்து பிரவீணாவுக்குப் போன் போட்டாள். பிடிமண் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, மண்ணு கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு மண்ணை ஏர்போர்ட்டுலயே பிடுங்கிருவாங்க."

"ஒரு பிடிதாம்மா. மடியில முடிஞ்சுக்கிறேன்."

"வேண்டாங்க்கா. அவங்க அதைக் குப்பையில கொட்டுனா உங்களுக்குத் தாங்காது."

அது சரிதான் என்று பட்டது. அம்மன் மண்ணைக் குப்பையில் கொட்ட விடுவதைவிடப் போகாமல் இருப்பது மேல். ஷூவை எடுத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. துணியை உருவும்போது ஈசானி மூலைப் பானை கண்ணில் பட்டது.

ஊர்க் கண்மாய்க் களிமண்ணில் வனைந்த பானை. அம்மன் கோயில் பொங்கல் பானைக்கும் அதே மண்தான்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டே போனை எடுத்தாள். "பிரவீணா, மண்ணைச் சுட்டுட்டா விடுவாகளா?"

"சுட்டா... பானை மாதிரியா? பானைன்னா கொண்டு போகலாங்க்கா. எதுக்கு?"

போனை வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். வீரபத்திரன் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சுட்டாலும் மண்ணு மண்ணுதான்" என்றார். "கொண்டா பானையை."

பானையைக் கம்பியிலிருந்து எடுத்தவர் கோட்டைச்சாமி. எடுத்ததும் நகராமல் நின்றார். மற்ற கம்பியெல்லாம் துரு ஏறிச் சிவந்து கிடக்க, பானைக்குள் இருந்த நுனிகள் மட்டும் கட்டிய அன்றைக்குப் போலக் கருநீலமாக இருந்தன. அவர் முறுக்கிவிட்ட கட்டுக்கம்பியின் முறுக்குக்கூட அப்படியே இருந்தது. அதை விரலால் தடவினார்.

"இதையும் அங்க இதே மாதிரி முறுக்கியிருப்பானுகளா?"

"போய்ப் பாப்போம்" என்றாள் முருகலட்சுமி.

காப்புக் கட்டும் நாளில் எல்லா வாசல்களிலும் வேப்பிலையும் மஞ்சள் துணியும் ஏறின. முருகலட்சுமி வீட்டு வாசலில் கட்டிவிட்டு, மீதித் துணியைக் கிழித்துப் பானையின் கழுத்திலும் கட்டினார் வீரபத்திரன். வேப்பிலை விமானத்தில் வேண்டாம் என்று பிரவீணா சொல்லியிருந்தாள். "அங்க போய் ஈசானி மூலை பாத்து வையி. கிழக்கு எதுன்னு கேட்டுக்க" என்றார். வீட்டில் விளக்கேற்றவும், முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கவும் கஸ்தூரி சாவி வாங்கிக்கொண்டாள்.

"அங்க வாசல்ல நிக்கிறப்ப எனக்கு வீடியோ கால் போடுங்க மதினி. இல்லைன்னா கணக்குல சேக்க மாட்டேன்."

புறப்பட்ட அன்று திருச்சுழி போகும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பெட்டிகள் கோட்டைச்சாமியின் காலடியில் இருந்தன. பானை, பழைய சேலைக்குள் சுற்றி அவள் மடியில் இருந்தது. ஊர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். மாடிக் கம்பிகள் தெரிந்தன. ஈசானி மூலையில் கோட்டைச்சாமி கவிழ்த்திருந்த தண்ணீர் பாட்டில்கள் வெயிலில் மினுங்கின.

"ஏங்க, அங்கிட்டு கம்பி எம்புட்டு ஒசரம்? எனக்குக் கை எட்டுமா?"

"நம்ம வீட்டு ஒசரந்தான்" என்றார் அவர். "எட்டும்."

கண்டக்டர் வந்து, மடியில் என்ன என்று கேட்டார்.

"வீடு" என்றாள் முருகலட்சுமி.