கப்டன் சந்தியாப்பிள்ளை எழுதிய அந்த வரி

காலை ஒன்பது மணியளவில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி இப்போது அப்படித்தான் வருகிறது. "துறைமுகத்தின் முன்னாள் ஊழியர் சந்தியாப்பிள்ளை அவர்கள் காலமானார்" என்று ஓட்டுநர் அவசரமாகப் படித்துக்கொண்டு போனார். நான் படலையைத் திறந்துகொண்டு போய் வண்டியை மறித்தேன்.

"அவர் வெறும் ஊழியர் இல்லை. மேற்பார்வைக் கப்டன். அடுத்த தெருவிலையாவது சரியாச் சொல்லுங்கோ."

"எழுதித் தந்ததைத்தான் வாசிக்கிறன், அம்மா," என்றார் அவர்.

வண்டி போய்விட்டது. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கப்டனின் மகள் என்னிடம் கேட்டிருக்கிறார். கப்டனை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு கதையும் தெரியும்: செத்துப்போன ஒரு மனிதர்மேல் பழியைப் போட்டவர் என்று. அந்த மனிதர் என் கணவர் அல்பிரட். அந்தக் கதையை ஒரே சொல்லில் நிறுத்தக்கூடியவளாக இருந்தவள் நான். நிறுத்தவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் புகழ்ச்சியை எதிர்பார்ப்பவர்கள் வேறு பக்கங்களைப் பார்க்கலாம்.

துறைமுகக் கந்தோரில் நான் இருபத்தாறு வருடங்கள் தட்டெழுத்தாளராக இருந்தேன். கொன்வென்டில் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் போகவேண்டிய அறிக்கைகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. கப்டனின் கீழ் நான்கு இழுவைப் படகுகள் இருந்தன. எல்லோரும் அவற்றை டக் என்றுதான் சொல்வார்கள். கடற்படைக் கப்பல்கள் துறைக்குள் வருவதும், திரும்புவதும், இறங்குதுறையில் கட்டப்படுவதும் இந்த டக்குகள் தள்ளியும் இழுத்தும்தான். எந்த டக் எங்கே நிற்பது, யார் இழுப்பது, எப்போது விடுவது என்பதையெல்லாம் கப்டன் முன் டக்கில் நின்று வோக்கி டோக்கியில் சொல்லுவார். அல்பிரட் இரண்டாம் டக்கின் மாஸ்டர், அதைச் செலுத்துபவர்.

நான் தட்டிய அவருடைய முதல் அறிக்கையில் பன்னிரண்டு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்தவள் செய்யத்தக்க காரியம் அல்ல. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மிஸிஸ் அல்பிரட், இங்கிலிசு உங்கடை, நடந்தது என்ரை. இங்கிலிசை எவ்வளவும் திருத்துங்கோ. நடந்ததிலை கை வைக்காதேங்கோ."

அன்று முதல் நான் தட்டிக் கொடுத்ததை அவர் வாசித்துப் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார், கையொப்பமிடுவார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இழுவை தொடங்கும் முன் ஒவ்வொரு டக்கையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்: "கதவு?" எஞ்சின் அறைக் கதவைத்தான் கேட்பார். "பூட்டியாச்சு" என்று மாஸ்டர் சொன்ன பிறகுதான் கயிறு இறுகும். ஒருமுறை அதற்குக் காரணம் கேட்டேன். என் மேசையிலிருந்த அழிறப்பரை நூலில் கட்டிக் காட்டினார். கயிறு பின்பக்கம் இருக்கும்வரை டக்குக்குப் பலம் உண்டு. பெரிய கப்பல் வேகமெடுத்துக் கயிறு பக்கவாட்டில் போனால், அந்தக் கப்பலே டக்கைச் சரித்துவிடும். சரிந்த டக் நிமிரவும் கூடும். கதவு திறந்திருந்தால் நிமிராது. தண்ணீர் உள்ளே போய்விடும். "ஒரு நிமிசம் கிடைக்கும், மிஸிஸ் அல்பிரட். கதவு திறந்திருந்தால் அதுவும் இல்லை."

அவருடைய ஆட்கள் அவருக்குக் கதவுக் கப்டன் என்று பட்டம் வைத்திருந்தார்கள். "கதவுக் கப்டன் வாறார், உங்கடை வாயையும் பூட்டுங்கோடா" என்று அல்பிரட்டே சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் கடற்படை அதிகாரி ஒருவர், ஒரு கதவுக்காகக் கப்பலை நிறுத்தி வைப்பதா என்று இறங்குதுறையில் நின்று கத்தினார். கப்டன் குரலை உயர்த்தாமல், "கப்பல் காத்துக்கொண்டு நிக்கும் சேர், தண்ணி நிக்காது" என்றார். அந்த அதிகாரி அவரை அதன்பின் மதித்தார் என்று எழுத ஆசை. மதிக்கவில்லை.

சண்டைக் காலத்தில் கப்டனைப் போன்ற தமிழருக்கு அந்தத் துறைமுகத்தில் வேலை செய்வது இரண்டு பக்கமும் சந்தேகத்தைத் தாங்குவது. வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள்; வெளியே வந்தால், எந்தக் கப்பல் எப்போது போகிறது என்று வேறு ஆட்கள் கேட்பார்கள். முன்னவர்களுக்குச் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார். பின்னவர்களுக்கு, "நான் கயிறு இழுக்கிறவன், கதை இழுக்கிறவன் இல்லை" என்றார். இருதரப்புக்கும் பொய் சொல்லாமல் அந்த வருடங்களைக் கடந்த வேறொருவரை நான் அறியேன்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு கொடிய வெயில் மாதத்தில், இரண்டாம் டக்கின் எஞ்சின் அறைக் காற்றாடி பழுதானது. காற்றாடி இல்லாத டக் இழுவைக்குப் போகக் கூடாது என்பது கப்டனின் கட்டளை. அல்பிரட் அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் பெரிய கப்பலொன்றைத் திருப்பும் வேலை இருந்தது. அதை வேறு மாஸ்டர் செய்வதை அவர் விரும்பவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது என்னிடம் சொன்னார்:

"சலீம் உள்ளுக்கை அவிஞ்சு போறான். கதவைத் திறந்து வெளியாலை கொளுவிவிடச் சொல்லிப்போட்டன்."

சலீம் என்பவர் அந்த டக்கின் எஞ்சின் டிரைவர், குறிஞ்சாக்கேணிக்காரர்.

"கப்டன் கேட்பாரே?" என்றேன்.

"பூட்டியாச்சு எண்டு சொல்லுறது. அவர் என்ன, வந்து தட்டிப் பார்க்கப் போறாரே?"

நான் அவருக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தேன். சட்டைக் கழுத்து அழுக்காக இருக்கிறது, மாற்றிக்கொண்டு போங்கோ என்றேன். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் முற்பகல் பதினொன்றரைக்கு இரண்டாம் டக் கவிழ்ந்தது. கயிறு பக்கவாட்டில் போயிற்று, டக் சரிந்தது, நிமிரவில்லை. வெளித்தட்டில் நின்றவர்கள் குதித்து நீந்தினார்கள். சலீம் அந்தத் திறந்த கதவு வழியாகவே வெளியே வந்தார். மேலே சுக்கான் அறையில் நின்ற அல்பிரட் வரவில்லை.

கந்தோர் யன்னலால் ஆட்கள் ஓடுவதைப் பார்த்தேன். பின்னேரம் கப்டன் என் மேசைக்கு வந்தார். கழுத்துவரை நனைந்திருந்தார், உள்ளங்கைகள் கயிற்றில் உரிந்திருந்தன. சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மிஸிஸ் அல்பிரட், அல்பிரட்டை எடுத்திட்டம். உயிர் இல்லை." அந்த நேர்மைக்காக அவரை அப்போதே வெறுக்கத் தொடங்கினேன்.

இரண்டு கிழமைக்குள் நான் வேலைக்குத் திரும்பினேன். அதற்குள் சலீமை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கதவை அவர் தன்பாட்டில் திறந்து வைத்தார் என்பதே எல்லோருடைய முடிவும். மாஸ்டர் திறக்கச் சொன்னார் என்று அவர் அழுது சொன்னதை, தன் தலை தப்பச் சொல்கிறார் என்று தள்ளிவிட்டார்கள். கப்டன் மட்டும், தூக்கி எடுத்த டக்குக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். கதவு வெளிப்பக்கச் சுவரின் கொளுக்கியில் மாட்டப்பட்டிருந்தது. உள்ளே வேலை செய்தவரால் அதை மாட்ட ஏலாது; வெளித்தட்டில் நிற்பவர்கள் மாஸ்டரின் சொல் இல்லாமல் மாட்டமாட்டார்கள்.

அவர் தம் அறிக்கையை வேறு தட்டெழுத்தாளரிடம் கொடுக்கப் போனார். நான் எழுந்து நின்று கையை நீட்டினேன். "இது என்ரை வேலை," என்றேன். தயங்கித்தான் தந்தார்.

மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள் இருந்தன. 'கதவைத் திறந்து வைக்கும்படி கட்டளையிட்டவர் டக் மாஸ்டர்.' 'காற்றாடியை நான் நேரில் போய்ப் பரிசோதிக்கவில்லை. அது என் தவறு.' இரண்டாவது வசனத்தைப் பிழையில்லாமல் தட்டினேன். முதலாவதைத் தட்டவில்லை.

அவர் வழமைபோல வாசிக்காமல் கையொப்பமிடுவார் என்று நம்பியிருந்தேன். அன்று வாசித்தார். திரும்பி வந்து அந்தப் பக்கத்தை என் முன் வைத்தார்.

"ஒரு வரி விடுபட்டிருக்கு."

"ஓம்."

"தெரிஞ்சோ விட்டனீங்கள்?"

"செத்தவருக்கு வாய் இல்லை, கப்டன்."

"சலீமுக்கு இருக்கு. ஆனால் ஒருத்தரும் கேக்கினமில்லை." கதிரையை இழுத்து எனக்கெதிரே இருந்தார். "அல்பிரட் என்ரை ஆள். பதினெட்டு வருசம் என்னோடை நிண்டவர். இதை எழுத எனக்கு விருப்பமெண்டோ நினைக்கிறியள்? அந்தப் பொடியனுக்கு மூண்டு பிள்ளையள். இந்த வரி இல்லாட்டி, மாஸ்டரைச் சாகடிச்சவன் எண்ட பேரோடைதான் அவன் இனிச் சீவிக்க வேணும்."

"என்ரை மனிசனுக்கு என்ன பேர் மிஞ்சும்?"

அவர் அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் தள்ளினார். நான் புதுத் தாள் ஏற்றினேன். அந்த வரியைத் தட்டி முடிக்கும்வரை அவர் எழும்பாமல் இருந்தார். எடுத்துக்கொண்டு போகும்போது, "நன்றி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சலீமுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கப்டனுக்குத் தம் சொந்த வரியின் பலனாகக் கண்டனக் கடிதம் வந்தது. மேற்பார்வைப் பதவியையும் எட்டு மாதம் எடுத்து வைத்திருந்தார்கள். அதை விடக் கொடியது ஊர் செய்தது. கப்டன் தன் பிழையை மறைக்கச் செத்தவர்மேல் போட்டார் என்றார்கள். ஒரு முஸ்லிமுக்காகத் தமிழனை விட்டுக் கொடுத்தார் என்றார்கள். கோவிலில் அவர் இருந்த நீள வாங்கிலிருந்து ஆட்கள் எழுந்து போனதை நானே கண்டேன். என்னை முன் வாங்குக்கு அழைத்து இருத்தினார்கள். அநியாயம் செய்யப்பட்ட விதவைக்கு எல்லா வீட்டிலும் முதல் கதிரை கிடைக்கும். நான் அந்தக் கதிரையில் முதுகை நிமிர்த்தி இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் கேட்டதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் அல்பிரட்டின் ஆண்டுத் திருப்பலிக்குக் கப்டன் வந்தார். கடைசி வாங்கில் தனியே இருப்பார். முடிந்ததும் வாசலில் நின்று, "சுகமா இருக்கிறியளோ, மிஸிஸ் அல்பிரட்?" என்று கேட்பார். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவேன். அவருடைய கடைசி இரண்டு வருடங்களில் தடி ஊன்றி வந்தார். அப்போதும் அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கூடாரம் போட்டுக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். வழமைபோல எனக்கு முன்வரிசையில் இடம் தந்தார்கள். பின்வரிசையில் சலீம் இருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. ஓய்வுபெற்ற டக் மாஸ்டர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நல்ல வேலைக்காரன்தான், இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் அல்பிரட் அண்ணைக்குச் செய்தது பாவம். அந்தப் பாவத்தோடைதான் போறார்."

கப்டனின் மனைவி பிலோமினா பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். அவருக்கும் கேட்டது. அவர் நிமிரவில்லை, இத்தனை வருடமும் கேட்டுப் பழகிய காது.

நான் எழுந்து நின்றேன். "கதவைத் திறக்கச் சொன்னது அல்பிரட். முதல் நாள் மத்தியானம் என்ரை குசினியிலை இருந்து எனக்குச் சொன்னவர். கப்டன் எழுதினது உண்மை," என்றேன்.

அந்த மாஸ்டர்தான் கேட்டார்: "அப்ப ஏனம்மா இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனீங்கள்?"

"மரியாதை கிடைச்சது. அதாலை."

சலீம் சால்வையை முகத்தில் அழுத்திக்கொண்டு எழுந்து படலைப் பக்கம் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பின்னால் போனேன். "இப்ப வேண்டாம், அம்மா. கப்டனை முதல்லை அனுப்புவம்," என்றார். அது நியாயம்.

திரும்பி வந்தபோது பிலோமினா என் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் இருத்தினார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கு நீங்கள் சண்டை பிடிச்சனீங்களாம். ஆனால் பொய்யெண்டு மட்டும் சொல்லேல்லையாம். நான் எத்தனை தரம் சொல்லியிருப்பன், போய் அந்த மனிசியிட்டைக் கேளுங்கோ, நாலு பேருக்கு முன்னாலை ஒரு சொல் சொல்லட்டும் எண்டு. மாட்டனெண்டிட்டார். 'புருசனைக் குடுத்தவ. பேரையும் குடு எண்டு எப்பிடிக் கேக்கிறது? அவவாத் தந்தாப் பாப்பம்' எண்டவர்."

பதினொரு வருடம் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கோவில் வாசலுக்கு வந்து, நான் கொடுக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சுகம் கேட்க வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

பின்னேரம் நாலு மணிக்கு அவரை அடக்கம் செய்தோம். சேமக்காலையில் கூட்டம் பெரிதல்ல. கடல்காற்றில் குருவானவரின் சொற்கள் பாதி கேட்கவில்லை. பெட்டி இறங்கியபோது, அதைத் தாங்கிய இரண்டு கயிறுகளில் ஒன்றைச் சலீம் பிடித்திருந்தார். மெதுவாக, சரியாமல், ஒரே மட்டத்தில் இறக்கினார். நான் ஒரு பிடி மண் போட்டேன்.

கப்டன் சந்தியாப்பிள்ளை அவர்களே, கேட்காமலே தரவேண்டியதை உங்கள் காது மூடிய பிறகு தந்திருக்கிறேன். அது உங்களுக்கு வந்து சேராது என்பது எனக்குத் தெரியும். இருந்தும், இதை அச்சிடுபவர்கள் ஒரு வரியையும் விடாமல் அச்சிட வேண்டுமென்று கேட்டிருக்கிறேன். ஆண்டவரின் துறையில் உங்களைச் சந்தேகிப்பவர் யாரும் இருக்கமாட்டார். போய் இளைப்பாறுங்கள்.

திருமதி அல்பிரட்
திருகோணமலை