கறுப்பு முக்கோணம்

வளைகுடாவில், சத்வா கடைவீதியில் பத்தொன்பது வருடமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் வீரபாண்டியிடம் ஒரு குணம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டதைத் தைப்பார். கூடவே தன் மனசுக்கு நல்லதென்று பட்டதையும் சேர்த்துத் தைத்துவிடுவார். கமுதிப் பக்கத்து மனுஷர், நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று வளர்ந்தவர். பெற்றவள் பேரே கருப்பாயி என்பது அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு மறந்துபோகும். மகள் சந்தியாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், அவள் போட்டோவை ஃபோன் கடையில் கொடுத்து நன்றாக வெளுக்க வைத்து, தரகருக்குக் கொடுக்கச் சொல்லி ஊருக்கு அனுப்பியிருந்தார்.

பெர்னிஸ் டீச்சர் பஹாமாஸ் தீவுக்காரர். கொரோனாவில் கடை மூடிக் கிடந்தபோது வீரபாண்டியின் ரூமுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பிய மகராசி. அவர் நாட்டுக்கு ஐம்பதாவது சுதந்திர தினம் வந்தது. முழங்கால் ஆபரேஷனால் ஊருக்குப் போக முடியவில்லை. இங்கிருக்கும் தன் நாட்டுக்காரர் ஆறேழு பேரையாவது அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சுவரை நிறைக்கிற மாதிரி ஒரு கொடி வேண்டும் என்று படம் கொடுத்திருந்தார். மேலும் கீழும் கடல்நீலம், நடுவில் பொன்மஞ்சள், இடது ஓரத்தில் கறுப்பு முக்கோணம்.

அன்று மத்தியானம் கொடியை வாங்க வந்தவர் விரித்துப் பார்த்தார். முக்கோணம் கருநீலமாக இருந்தது.

"விசேஷத்துக்குக் கறுப்பு எதுக்கு மேடம்? அதான் நானே மாத்திட்டேன்," என்றார் வீரபாண்டி, பாராட்டை எதிர்பார்த்து.

டீச்சர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, நிதானமாகத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் டாக்சி ஓட்டியவர். தீவில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அதிகாரமோ ஒரு கைப்பிடி வெள்ளை வியாபாரிகளிடம். ஓட்டலிலும் சினிமாவிலும் கறுப்பர்களை உள்ளே விடாத காலம் இருந்தது. ஐம்பத்தெட்டில் டாக்சிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, ஓட்டல் தொழிலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். தலைநகர் நசாவே முடங்கியது. நாலு வருடம் கழித்துத்தான் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து, அம்மா முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். அறுபத்தேழில் ஆட்சி தங்கள் கைக்கு வந்தது. எழுபத்து மூன்றில் கொடி ஏறியபோது, எட்டு வயது பெர்னிஸ் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம்.

"நீலம் எங்க கடல். மஞ்சள் எங்க மண்ணு. கறுப்பு நாங்க, வீரா. அதை எடுத்துட்டா கொடியில ஆளே இல்லையே," என்றார்.

வீரபாண்டிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீச்சரின் விருந்தாளிகள் வர மூன்று மணி நேரம்தான் இருந்தது. பெண்கள் போடும் கறுப்பு அங்கி தைக்கும் பக்கத்து அபாயா கடைக்கு ஓடி, இருப்பதிலேயே நல்ல கறுப்புத் துணியை வாங்கி வந்தார். தையலைப் பிரித்து, வெட்டி, ஓரம் மடித்து, டீக்குக்கூட எழுந்திருக்காமல் தைத்தார். டீச்சர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அந்த முக்கோணத்தை ஒரு முறை தடவிவிட்டு, வீரபாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்ல வேண்டியது நானல்லவா என்று வீரபாண்டிக்குத் தோன்றியது. அரிசிக்கு மட்டுமல்ல, இன்றைக்குத் திட்டாமல் உட்கார்ந்து சொன்னதற்கும்.

டாக்சி வரை கொடியைத் தூக்கிப் போய் வைத்துவிட்டு வந்தவர், ஊருக்கு ஃபோன் போட்டார். மனைவி ஜோதிமணி எடுத்தாள்.

"தரகர்ட்ட போட்டோவக் குடுத்துட்டியா?"

"நாளைக்குத்தான் வர்றாரு."

"வெளுத்தது வேணாம். நம்ம புள்ள எப்படி இருக்கோ, அந்தப் போட்டோவையே குடு."



"அதப் பாத்த அன்னைக்கே உங்க மக கேட்டுச்சுங்க," என்றாள் ஜோதிமணி. "'இதுல நான் எங்கம்மா இருக்கேன்'னு."