அடுப்புப் புகைதான் என்று அவள் சொன்னாள்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. ராஜபாளையத்தில் பருத்திக்கொட்டை நீக்குகிற ஒரு ஜின்னிங் பாக்டரியில் நான் டைம்கீப்பராக இருந்தேன். காலையில் சங்கு ஊதும்போது கேட்டில் நின்று, யார் வந்தார், யார் பிந்தினார் என்று பார்ப்பது என் வேலை. பிந்தி வருகிறவன் சொல்வது உண்மையா, சாக்கா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பால் என் குடித்தனமே கலைந்து போகப் பார்த்தது.

எனக்கு அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். என் வீட்டில் அப்பா முன்னமே காலமாகிவிட்டார். அம்மாவும் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்குக் காபி கிளப் சாப்பாடுதான். அடுப்படிப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அம்மா இருந்த காலத்திலும் பார்த்ததில்லை. ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

பெண் வரப்போகிறாள் என்று வீட்டைச் சீர்செய்தேன். வாசலுக்கு வார்னிஷ் அடித்த புதுக்கதவு. முன்னறைக்குச் சிமெண்டுத் தரை. வெளிச்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அடுப்படிக்கு மட்டும் ஒரே ஒரு வேலை செய்தேன். அங்கே இருந்த ஒற்றைச் சன்னல், பாக்டரி ஆட்கள் போய்வருகிற முடுக்கைப் பார்த்து இருந்தது. வீட்டுக்கு வரும் பெண் சமைப்பதையும், அவள் என்ன சமைக்கிறாள் என்பதையும் கண்டவனும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்? கண் பட்டுவிடாதா? கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசியும் விட்டேன். பெண்டாட்டி மேல் எம்புட்டு அக்கறை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்த பெண் நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். சமையலும் பிரமாதம். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கி நிற்பாள். முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கன்னமெல்லாம் ஈரம். முதல் நாள் பதறிப்போய் என்ன என்று கேட்டேன். அடுப்புப் புகைதான் என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அழுத பெண்கள் எல்லா வீட்டிலும் சொல்கிற பதில் அதுதானே. என் அத்தை சொல்வாள், அடுத்த வீட்டு அம்மாள் சொல்வாள். பாக்டரி கேட்டில் பிந்தி வருகிறவன் எல்லாம் ரயில் லேட் என்று சொல்வதில்லையா, அது போலத்தான் இது என்று வைத்துக்கொண்டேன். பிறந்த வீட்டு நினைப்பு, போகப்போகச் சரியாகும் என்று விட்டேன்.

சரியாகவில்லை. மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வரும்போதெல்லாம் பூவும் பலகாரமும் வாங்கி வந்தேன். சாயங்காலம் சிரிப்பாள். மறுநாள் மத்தியானம் பார்த்தால் அதே அழுத கண். எங்கள் வீட்டில் மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. இருக்கிற ஒரே ஆள் நான். அப்படியென்றால் அழுகைக்குக் காரணமும் நான்தான் என்று கணக்குப் போட்டேன். சொன்னால் வெட்கம், அது எனக்கு ரொம்பவும் வலித்தது. வலியைக் காட்டத் தெரியாதவனுக்குக் கோபம்தானே வரும்?

இதே அடுப்படியில் என் அம்மா முப்பது வருஷம் சமைத்தாள், ஒரு நாள் கண்ணைக் கசக்கி நான் பார்த்ததில்லை என்று சொல்லிக் காட்டினேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் காது கொடுக்கவில்லை. வைகாசியில் ஒரு நாள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

"இனிமே புகைன்னு எங்கிட்டச் சொல்லாத. பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு" என்றேன்.

அவள் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் புகை என்று சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி பிறக்கப் போகிறது என்று அவள் அண்ணன் வழக்கப்படி தங்கச்சியை அழைத்துப்போக வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது அவள் கண்ணைத்தான். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள், நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது. புள்ள எந்நேரமும் அழுத முகமாகவே இருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்துவிட்டாள். அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியை அழைத்துப்போனார்.

ஆவணி பிறந்தது. ஆள் வரவில்லை, கடிதமும் இல்லை. நானே கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ரயில், அங்கிருந்து வத்திராயிருப்புக்குப் பஸ், பிறகு வயல் வழியே நடை. போய்ச் சேர்ந்தால் என் மனைவி கதவோரம் வந்து நின்றாள். கண் இரண்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னைப் பிரிந்து ஒரு மாதம் இருந்ததில் கண் தெளிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவர்களுக்கும் அதேதான் பட்டது என்பதை மாமியார் பேச ஆரம்பித்ததும் புரிந்துகொண்டேன்.

"அவகிட்டக் கேட்டா அடுப்புப் புகைதான்னு சொல்லுதா மாப்ள. நானும் எங்கம்மாகிட்டப் பத்து வருஷம் அதையேதான் சொன்னேன்."

சுவரில் மாலை போட்டிருந்த மாமனார் படத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது அனுப்புகிறாப்போல இல்லை, யோசித்துச் சொல்கிறோம் என்றார் அண்ணன். நான் அடித்தேனா, திட்டினேனா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் கேட்காத கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? மோரைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தபோது, இத்தோடு சரி, இவள் இனி வரமாட்டாள் என்றே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரமே மலைக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். எங்கள் பாக்டரி பாய்லருக்கு ஃபயர்மேன். என் வயதுதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறிஸ்தவக் குடும்பம், தினமும் ரயிலில் வந்து போவார். சீசன் முடிந்து பாய்லரை அணைத்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த சமயம் அது. கேட்டில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பார்க்க வருவதற்கு அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. ரயில் லேட் என்று அவர் சொன்னதை இரண்டு தடவை நம்பாமல் நாலு பேர் முன்னால் ஏசியவன் நான்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கஞ்சி வைத்துத் தருகிறேன், அடுப்படி எங்கே என்றார். எங்கள் வீட்டில் வெளியாள் யாரும் நடு அறையைத் தாண்டியதில்லை. அதிலும் வேறு மதம், வேறு சாதி. மறைப்பானேன், அந்த நிலைமையிலும் எனக்கு அந்தத் தயக்கம் வந்தது. ஆனால் வயிறு காய்ந்து கிடந்தவனுக்கு அதெல்லாம் எத்தனை நேரம் நிற்கும்? கையைக் காட்டினேன்.

உள்ளே பருத்திமார் ஒடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் பருத்தி எடுத்து முடிந்த செடியைக் காயவைத்துத்தான் விறகாக எரிப்போம். கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. இருமல் நிற்கவே இல்லை. கடைசியில் கஞ்சிச் சட்டியோடு அவர் வெளியே வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். மீசை நனைய நீர் வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் பாய்லர் வாயில் நின்று கரியள்ளிப் போடுகிற மனிதர் அவர்.

நான் எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள். அதைக் கண்டதும் என் வாயில் வந்த கேள்வி, வீட்டில் ஏதும் துக்கமா என்பதுதான்.

அவர் சிரித்துவிட்டார். "துக்கம் என்ன அண்ணாச்சி, அடுப்புப் புகைதான்" என்றார்.

காய்ச்சல் உடம்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றிய மாதிரி இருந்தது. அவர் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பூசிய இடம் தெரிந்திருக்கும் போல. இங்கே சன்னல் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, கல்யாணத்துக்காக அடைத்தேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா முப்பது வருஷம் சமைத்தது சன்னல் திறந்திருந்த அடுப்படியில். என் மனைவி சமைத்தது மேலே பலகை மச்சும் நாலு பக்கச் சுவரும் மூடிய பெட்டிக்குள். அது இரண்டும் வேறு வேறு அடுப்படி என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"தீக்குக் காத்து வர ஒரு வழி வேணும், புகை போக ஒரு வழி வேணும் அண்ணாச்சி. ரெண்டையும் அடைச்சுப்புட்டு உள்ள ஒரு பொம்பளைய உக்கார வச்சிருக்கீங்களே" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். கடப்பாரை எங்காவது வாங்கி வாருங்கள், இப்போதே இடித்துவிடலாம் என்றேன். அவர் தடுத்தார். இடித்துவிட்டுப் போய்ச் சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள், நாம் சொல்வதும் சாக்காகத்தான் படும், இருக்கிறபடியே இருக்கட்டும், அவர்களே வந்து பார்க்கட்டும் என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கான்சாபுரத்துக்கு அவரே போனார். முன்பின் தெரியாத வீடு. உங்கள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல், பார்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை என் மனைவி, மாமியார், மச்சான் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குத் திரும்பினாள். மாமியார் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, மகளை வேலை வாங்க விடுவேனா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்து, தானே உள்ளே போனார். புகையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாமியார் வீம்பான மனுஷி. இருமல் கேட்கிறது, பாத்திரம் உருளுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. சோறு வடித்து, ரசம் தாளித்து, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"ஏட்டி, நெசமாவே புகைதானா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். மாமியார் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, அவளைக் கட்டிக்கொண்டார். எத்தனை நாள் சொன்னா, நான் நம்பலையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது மாதிரி இருந்தது. மச்சான் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கி வந்தார். அன்று மத்தியானமே சன்னல் திறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் ஃபயர்மேன் தகரமும் ஆணியும் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்புக்கு மேலே தகரத்தில் கூடு மாதிரி வளைத்து, மச்சில் துளை போட்டுப் புகைக்குழாய் ஏற்றினார். தரையோடு கிடந்த அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் திண்டு கட்டி மேலே வைத்தார். செங்கல் எடுத்துக் கொடுத்தது என் மாமியார். அடுப்படிக்குள் வந்திருப்பவர் என்ன சாதி என்று அந்த அம்மாள் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. கூலி என்று பேச்செடுத்ததற்கு ஃபயர்மேன் என்னை முறைத்தார். புது அடுப்பில் முதலில் வடித்த சோற்றை அவருக்குத்தான் பரிமாறினோம். அதற்குப் பிறகு அவர் ரயில் லேட் என்று சொன்னால் நான் மறுபேச்சுப் பேசியதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நான் அடுப்படி நிலையில் நின்றுகொண்டு அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடுக்கில் ஆட்கள் போனார்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கண் தெளிவாக இருந்தது. மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அத்தனை நாளும் வெறும் புகைதானா?

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல எல்லாம் புகைதான். நீங்க நம்பலேன்னு தெரிஞ்ச பொறவு, கொஞ்சம் நெசமாவும் அழுதேன். அந்தப் புகைக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது?"

நான் நிலையைத் தாண்டி உள்ளே போய், பருத்திமாரை ஒடித்து அடுப்புக்கு எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்க வந்து அவளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த அந்த மனிதரை நான் நினைக்காத நாள் கிடையாது. ஆனாலும் பெரிய நன்றியெல்லாம் அவளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தான் சொன்ன உண்மையை நம்பாத ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கேட்டதும், அது நிஜமா பொய்யா என்று ஒரு கேள்வி கேட்காமல் கிளம்பி வந்தாளே.