பாரை ஒட்டிய வீடு

வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற சாலையில், ஒரு சந்து உள்ளே தள்ளி, இரண்டு அறை, பின்னால் துவைக்கிற கல், முன்னால் கிரில் போட்ட வராந்தா. மகள் பிரீத்தியின் நர்சிங் காலேஜ் பஸ் சந்து முனையிலேயே நிற்கும். விலையும் தாட்சாயணி, மணிவேல் இருவர் சம்பாத்தியத்துக்கு எட்டுகிற விலைதான். அது எப்படி எட்டியது என்று கேட்டால் வீட்டின் இடப்பக்கச் சுவரைக் காட்டினால் போதும். சுவருக்கு அந்தப்புறம் பார்.

விற்கிற சுரேஷ்பாபு அதை மறைக்கவில்லை. மறைக்க முடியாத அளவுக்கு அந்த போர்டு பெரியது. “ஏசி பாரும்மா. டீசன்ட் ஆளுங்கதான் வருவாங்க. மீக்கு ஏமி ப்ராப்ளம் லேது, ஒரு தொந்தரவும் இருக்காது,” என்றார்.

தாட்சாயணி கணவன் முகத்தைப் பார்த்தாள். மணிவேல் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நாம பாட்டுக்கு நாம இருப்போம்,” என்றான். அதைக் கேட்டு அவள் கலங்கிப்போனாள்.

தாட்சாயணி லேசில் கலங்குகிறவள் இல்லை. நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். அந்தச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பேசியே தொண்டை கணீரென்று ஆகிவிட்டது. திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நழுவுகிறவர்களைப் படிக்கட்டிலேயே மடக்கி, தமிழில் ஒரு வரியும் தெலுங்கில் ஒரு வரியுமாகப் பேசிக் கக்க வைத்துவிடுவாள். மேனேஜரே அவளிடம் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

மணிவேல் எலக்ட்ரீசியன். கைவேலை சுத்தம். குடித்தாலும் சத்தம் போட மாட்டான், அடிக்க மாட்டான். குடித்துவிட்டு ஒரு மூலையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தச் சிரிப்போடுதான் ஒருநாள் பிரீத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வடமாலபேட்டை அருகே விழுந்தான். பெண்ணின் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. அதற்குப் பிறகுதான் தாட்சாயணியின் அண்ணன் தணிகாசலம் மைத்துனனை நகரிப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றுக்குக் கூட்டிப் போய், குடியை விடுவதாகக் கையில் கயிறு கட்ட வைத்தார்.

கட்டும்போது பூசாரி தாட்சாயணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இன்னிலேர்ந்து குடிச்சியான்னு வீட்ல யாரும் கேக்கக் கூடாது. கேட்டா ஆத்தா கட்டின கட்டை நீயே அவுத்து வுட்டா மாதிரி.”

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஓடிவிட்டது, ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாள். சட்டையைத் துவைக்குமுன் முகர்ந்து பார்த்தாள். அவன் நேரம் கழித்து வந்தால், “துன்னியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலில் நாக்கு குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவனும் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க வேண்டிய பதிலை, எங்கே தின்றான், என்ன தின்றான், சட்னி எப்படி இருந்தது என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுவான். ஏன் இப்படி நீட்டுகிறான் என்று அவள் யோசித்ததில்லை. குழறவில்லை, அது போதும் அவளுக்கு.

இப்போது அந்த மனிதனைக் கொண்டுபோய் பாருக்குப் பக்கத்தில் குடிவைப்பதா? வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வருமே. உன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதும், குடித்தாயா என்று கேட்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

அதனால் சுற்றி வளைத்தாள். சமையற்கட்டு வாஸ்துப்படி இல்லை என்றாள். தணிகாசலம் ஒரு வாஸ்துக்காரரையே கூட்டிவந்தார். அந்த ஆள் நின்று பார்த்து, பேஷ் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். சாக்கடை அடைக்கும் என்றாள். மணிவேல் மறுநாளே ஆள் வைத்துத் தோண்டிக் காட்டினான். அவள் ஒரு குறை சொல்ல, அவன் ஓடி ஓடி அதைத் தீர்த்தான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து எதற்கும் இப்படிப் பறக்காதவன் இந்த வீட்டுக்காகப் பறந்தது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

தணிகாசலம் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். வீட்டைப் பார்க்கப் போனதெல்லாம் அவர் குறித்த காலை நேரத்தில்தான். போனபோதெல்லாம் பார் ஷட்டரை இறக்கிக்கொண்டு பரம சாதுவாகத் தூங்கியது. மாலையில் அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு. அவர்கள் வழக்கத்தில் தாம்பூலம் மாற்றியபின் பின்வாங்கினால் பெண்ணை மணவறையிலிருந்து எழுப்பின மாதிரி.

அந்த வாரம் முழுக்க மணிவேல் வேலை முடிந்து, “ஒயரிங் பாத்துட்டு வரேன்,” என்று அந்த வீட்டுக்குப் போனான். சுரேஷ்பாபு பூட்டுச் சாவியை அவனிடமே கொடுத்திருந்தார். இருட்டினதும் வீடு திரும்புவான். முகம் கழுவியிருப்பான். சட்டையில் சோப்பு வாசனை. சாராய வாசனை வந்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அந்தச் சோப்பு வாசனையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. லாட்ஜில் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள்.

சந்துக்குள் நுழையும்போதே அது காலையில் பார்த்த சந்தாக இல்லை. இரண்டு பக்கமும் பைக்குகள். சிவப்பு விளக்கில் போர்டு எரிந்தது. டீசன்ட் ஆள் ஒருவன் அவர்கள் வாங்கப்போகிற வீட்டுச் சுவரில் நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். இன்னொருவன் அவளைப் பார்த்து, “அக்கா, பத்து ரூபா இருக்குதா?” என்று கையை நீட்டினான். லாட்ஜாக இருந்தால் அந்தக் கையை மடக்கியிருப்பாள். இங்கே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள். பிரீத்தி இந்த வழியாகத்தான் தினமும் வரவேண்டும்.

மணிவேலின் வண்டி வாசலில் நின்றது. வீட்டுக்குள் விளக்கு இல்லை. இருட்டில் உட்கார்ந்து குடிக்கிறான், அவ்வளவுதான், போச்சு என்று எண்ணிக்கொண்டாள். பாரின் சமையலறைக் காற்று நேராக வராந்தாவில் வந்து விழுந்தது. ஆம்லெட்டும் சாராயமும் கலந்த வாசனை. படியேறியபோது காலில் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தாள். சாவி.

கிரில் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. கம்பிக்குப் பின்னால், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு மணிவேல் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை.

“பிரீத்தி நைனா,” என்று கணவனைக் கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. சாவியைப் பூட்டில் நுழைக்கப் போனாள்.

“தொறக்காத தாட்சா,” என்றான். “கட மூடற வரிக்கும் தொறக்காத. சாவிய நான்தான் வெளிய வீசினேன்.”

எல்லாம் புரிந்தும் புரியாத மாதிரி இருந்தது. ஆத்தாவை நினைத்தாள், பூசாரியை நினைத்தாள், பெண்ணின் கோணல் கையை நினைத்தாள். பிறகு வருவது வரட்டும் என்று கேட்டே விட்டாள்.

“குடிச்சியா?”

மணிவேல் அவளை நிமிர்ந்து பார்த்தான். “இல்ல,” என்றான். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். “குடிக்கல. ஒரு நாள் கூட குடிக்கல. நீ கேப்ப, சொல்லலாம்னு மூணு வருஷமா பாத்துக்கினு கீறேன். நீ கேக்கவே இல்ல. மோந்து மோந்து பாக்கற. அப்ப நீ நம்பலன்னுதானே?”

“பூசாரி கேக்கக் கூடாதுன்னான்.”

“அவன் கெடக்கறான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “எனக்கு உன் ஊட்டாளுங்க முன்னாடி இந்த பார் பக்கத்துலயே குந்திக் காட்டணும்னு ரோசம். அதான் டெய்லி வந்து இங்க ஒக்காந்து பாத்தேன். ரெண்டு நாளு ஒண்ணுமில்ல. நேத்து அந்த வாசன ஆள இழுத்துச்சி, மூஞ்சி கழுவிக்கினு ஓடியாந்துட்டேன். இன்னிக்கி என்னைக் கேக்காமலே காலு எழுந்துக்கிச்சி. அதான் பூட்டினேன்.”

தாட்சாயணி கம்பி வழியாகக் கையை விட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அவள் பயந்ததையேதான் அவனும் தனியாக உட்கார்ந்து பயந்திருக்கிறான் என்பது அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. சட்டையை முகர்ந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இன்னொரு கையால் அண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணா, நாளைக்கி வெத்தல பாக்கு வாங்காத. இந்த ஊடு வேணாம்.”

“இன்னாம்மா வெளையாட்றியா?” தணிகாசலம் கத்தினது கம்பிக்கு உள்ளேயும் கேட்டது. “பேசி முடிச்சாச்சி. அந்தாளுகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”

“பயமா இருக்குதுன்னு சொல்லு.”

“பயமா? யாருக்கு?”

அவனுக்கு என்று சொல்லிக் கணவனின் மானத்தை வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. தனக்குத்தான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

உள்ளேயிருந்து மணிவேல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

“எனக்கு மச்சான்,” என்றான். “எனக்குத்தான் பயமா கீது.”

தாட்சாயணி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படியில் உட்கார்ந்தாள்.